முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்

மாணவர்களின் திறனாய்வுக் கட்டுரைகளைத் திருத்தும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் பத்தியைப் படித்ததும் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடுவேன். எழுதியவர் உண்மையில் என்ன சொல்ல வந்தார் என்பது பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். பக்கம் பக்கமாக எழுதி முடித்த பிறகு, "ஆகவே" என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தில் அவருடைய சொந்தக் கருத்து முதன்முறையாக எட்டிப் பார்க்கும். அந்த வாக்கியத்தை எடுத்து முன்னால் வைத்தாலே கட்டுரை நிமிர்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இணையவழிக் கல்வி பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரை இப்படித் தொடங்கியது:

"ஆதிகாலம் தொட்டே மனிதன் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். இன்றைய அறிவியல் யுகத்தில் கல்வி பல மாற்றங்களைக் கண்டுள்ளது. இணையவழிக் கல்வியில் நன்மைகளும் உண்டு, தீமைகளும் உண்டு. அவற்றை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது."

இதில் பிழையான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. சிக்கலே அதுதான். இந்த நான்கு வாக்கியங்களில் எதை யார் மறுப்பார்கள்? யாராலும் மறுக்க முடியாத வாக்கியத்திலிருந்து வாதம் பிறக்காது. "கல்வி" என்ற சொல்லை எடுத்துவிட்டு "மருத்துவம்", "போக்குவரத்து" என்று எதைப் போட்டாலும் இந்த முன்னுரை அப்படியே பொருந்தும். எல்லாக் கட்டுரைக்கும் பொருந்துகிற முன்னுரை எந்தக் கட்டுரைக்கும் உரியதாக இருக்காது.

ஆனால் அதே மாணவி கடைசிப் பத்தியில் ஓர் அருமையான கருத்தை எழுதியிருந்தார். பதிவுசெய்த பாடத்தைத் தனியே உட்கார்ந்து கேட்டுக் கற்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் ஏற்கெனவே உள்ளவர்களுக்கே இணையவழிக் கல்வி கூடுதலாக உதவுகிறது என்பது அவர் கருத்து. இதை ஒருவர் மறுக்கலாம், சான்று கேட்கலாம். இருவரும் சேர்ந்து அதை முன்னால் கொண்டுவந்தோம். திருத்திய முன்னுரை இது:

"இணையவழி வகுப்புகள் கல்வியைப் பரவலாக்குகின்றன என்பது அவற்றை ஆதரிப்போர் வாதம். கருவியும் இணைப்பும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பது எதிர்ப்போர் விடை. இணைப்பு கிடைத்துவிட்டால் கற்றலும் நடந்துவிடும் என்பதை இரு தரப்புமே கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றன. இக்கட்டுரை அந்த அனுமானத்தையே கேள்விக்கு உட்படுத்துகிறது. தனியே கற்கும் பழக்கம் ஏற்கெனவே உள்ளவர்களுக்கே இவ்வகுப்புகள் கூடுதலாகப் பயன்படுகின்றன. ஆகவே இணைப்பை மட்டும் கொடுப்பது கற்றல் இடைவெளியைக் குறைக்காது என்பது என் வாதம்."

(சில துறைகளில் "என் வாதம்" என்று எழுதுவதை ஏற்பதில்லை. அங்கே "இக்கட்டுரையின் வாதம்" என்று எழுதிக்கொள்ளலாம். வாதம் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எந்தத் துறைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.)

மொழியியலர் ஜான் ஸ்வேல்ஸ் ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைக் கூர்ந்து படித்து, அவற்றில் மூன்று நகர்வுகள் இருப்பதாக 1990இல் எழுதினார். முதலில் களத்தைக் காட்டுவது, அடுத்து அந்தக் களத்தில் உள்ள இடைவெளியைச் சுட்டுவது, பிறகு அந்த இடைவெளியில் தன் ஆய்வை நிறுத்துவது. மேலே உள்ள முன்னுரையில் மூன்றும் இருக்கின்றன. மாணவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் நடு நகர்வைத்தான். களத்தைப் பற்றி எழுதுவார்கள், பிறகு "இக்கட்டுரை ஆராய்கிறது" என்று தாவிவிடுவார்கள். இதுவரை பேசியவர்கள் எதைக் கவனிக்கவில்லை, எங்கே முரண்படுகிறார்கள் என்று சொல்லாதவரை, இந்தக் கட்டுரை எதற்கு என்ற கேள்விக்கு விடை இல்லை. திறனாய்வு என்பதைக் குற்றம் கண்டுபிடிப்பது என்று புரிந்துகொண்டதால் பலர் இந்த இடத்தில் தயங்குகிறார்கள். பிறர் சொன்னதை எடைபோட்டு, அது எதுவரை சரி என்று காட்டுவதும் திறனாய்வுதான்.

தயக்கத்துக்கு இன்னொரு காரணம் அச்சம். ஒரு நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், அது தவறாகிவிட்டால் என்ன செய்வது என்று மாணவர்கள் என்னிடம் வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சரியான விடையைத் திருப்பிச் சொல்வதற்கே மதிப்பெண் பெற்று வந்தவர்களிடம் திடீரென்று "உன் கருத்து என்ன?" என்று கேட்கிறோம். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் முடிவோடு ஆசிரியர் உடன்பட வேண்டிய தேவை இல்லை. அந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

மற்ற குறைகள் எளிதில் சரியாகக் கூடியவை. அகராதிப் பொருளோடு தொடங்காதீர்கள். ஒரு சொல்லின் பொருளே உங்கள் சர்ச்சையாக இருந்தால் மட்டும் அது தேவை. "என் சிற்றறிவுக்கு எட்டியவரை" என்ற அடக்கம் மேடைக்கு அழகு, கட்டுரையில் வாதத்தை வலுவிழக்கச் செய்யும். "பலரும் கருதுகின்றனர்" என்று எழுதினால், யார் அந்தப் பலர் என்று உங்களையே கேளுங்கள். நீளத்தைப் பொறுத்தவரை, மொத்தக் கட்டுரையில் பத்தில் ஒரு பங்கு என்பது பரவலான வழக்கம். 2,000 சொல் கட்டுரைக்கு ஏறத்தாழ 200 சொல்.

இனி, எப்போது எழுதுவது? நம் இலக்கண மரபு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. நூலின் முன்னே நிற்கும் பாயிரத்தை நூலாசிரியரே பாடுவதில்லை. அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோர் பாடுவார்கள் என்கிறது நன்னூல். தற்புகழ்ச்சியைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். எனக்கு அதில் இன்னொரு நன்மையும் தெரிகிறது: நூலை முழுதாகப் படித்து முடித்த ஒருவரால்தான் அதன் பொருளும் பயனும் இன்னவை என்று சொல்ல முடியும். கட்டுரை எழுதுகிறவரும் அப்படி ஒரு வாசகராகத் தன் எழுத்துக்குத் திரும்பி வரலாம். தொடங்கும்போது மூன்று வரியில் ஒரு தற்காலிக முன்னுரை போதும். அது உங்களுக்கான குறிப்பு. கட்டுரை முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி விட்டு, முழுதும் படித்து, அந்த மூன்று வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். எழுதும் போக்கிலேயே கருத்து மாறியிருக்கும். பழைய முன்னுரை நீங்கள் போகாத ஊருக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கும்.

கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. தலைப்பை மறைத்துவிட்டு முன்னுரையை மட்டும் ஒரு நண்பரிடம் காட்டுங்கள். "இவர் எதை நிறுவப் போகிறார், யாரோடு முரண்படுகிறார்?" என்று கேளுங்கள். அவர் "இணையவழிக் கல்வியைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார்" என்றால், உங்கள் கடைசிப் பத்தியை எடுத்து இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.