அந்தப் புல்வெளியில் மரம் நடாதீர்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் பிறந்தால் எனக்கு ஓர் அழைப்பாவது வந்துவிடும். "ஐயா, ஐம்பது பேர் ஊட்டிக்கு வர்றோம். மொட்டையா கிடக்கிற மலையில மரக்கன்னு நட்டுத் தர்றோம்." நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். நீலகிரியில் புல்வெளி மீட்கும் வேலையில் இருக்கிற நான் வேண்டாம் என்று சொல்லவேண்டியிருக்கிறது.

அது மொட்டை மலை இல்லை. மேல்மலையில் பள்ள மடிப்புகளில் சோலை எனப்படும் அடர்ந்த காடு, சரிவுகளில் புல் என்பதுதான் இயற்கையின் அமைப்பு. வரையாடு மேய்வதும், 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான். தோடர்கள் கோயில் கூரை வேயும் புல்லும் மலையின் சதுப்புகளிலிருந்து வருகிறது. ஆங்கிலேயர் கண்ணுக்கு இது வெறும் தரிசாகப் பட்டது. 1843 வாக்கில் கற்பூர மரம் என்று இங்கே சொல்லப்படும் யூகலிப்டஸ் வந்தது. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை வந்தது; இது சீகைக்காய் இல்லை, வாட்டில் எனப்படும் அயல் மரம். விடுதலைக்குப் பிறகு ரேயான் துணி இழைக்கான மரக்கூழுக்காக நடவு இன்னும் பெருகியது.

சீகையை வெட்டிவிட்டால் புல் தானே திரும்பும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெட்டிய மறுமழையில் போய்ப் பாருங்கள், கீரைப்பாத்தி போலச் சீகைக் கன்றுகள் நெருக்கியடித்து நிற்கும். அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு காத்துக் கிடக்கும். தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். அதனால் வெட்டிய கிளைகளை அங்கேயே கொளுத்துவது பெரிய தவறு. மண் ஈரமாக இருக்கும்போது கன்றுகளை வேரோடு கையால் பிடுங்க வேண்டும். அடுத்த ஆண்டும் பிடுங்க வேண்டும், அதற்கடுத்த ஆண்டும். இடையில் உள்ளூர்ப் புல்லின் தூர்களைப் பிரித்து நாற்றங்காலில் வளர்த்து, பருவமழை தொடங்கும்போது நடுகிறோம்.

எல்லாச் சீகையையும் ஒரே மூச்சில் வெட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. முதிர்ந்த சீகை நிழலில் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழுந்திருக்கின்றன. அங்கே அவசரப்பட்டால் வரவிருக்கும் சோலையையும் சேர்த்து அழித்துவிடுவோம். நல்ல புல்வெளியின் ஓரத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாக இப்போதுதான் நுழைகிற இளஞ்சீகைதான் முதலில் போக வேண்டியது. செலவு குறைவு, காப்பாற்றும் புல் அதிகம்.

2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றி வாழிடம் மீட்பதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. மரம் வெட்ட ஆளும் பணமும் கிடைத்துவிடுகின்றன. நான்காம் ஆண்டு கன்று பிடுங்கத்தான் யாரும் முன்வருவதில்லை. உதவ நினைக்கும் நிறுவனங்கள் எத்தனை கன்று நட்டீர்கள் என்று கேட்கின்றன. எத்தனை ஆண்டு களை எடுப்பீர்கள் என்று கேட்டால் மனம் குளிரும்.

சென்ற ஜூனில் அழைத்தவர்களில் பன்னிரண்டு பேர் ஆகஸ்டில் வந்தார்கள். ஏறும் முன் செருப்பில் ஒட்டிய மண்ணையும் விதையையும் கழுவிவிட்டு, தூறலில் இரண்டு நாள் குனிந்து சீகை பிடுங்கினார்கள். இந்த மழைக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே சரிவுக்குத்தான் அழைத்துப்போகிறேன்.