கிரிக்கெட் அட்டவணை மழையில் நனைவது ஏன்?

2025 மகளிர் உலகக் கிண்ணத்தில் கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்துக்கு 11 ஆட்டங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் 5 ஆட்டங்கள் மழையால் முடிவில்லாமல் போயின. இங்கிலாந்தை 31 ஓவர்களில் 9 விக்கெட்டுக்கு 133 ஓட்டங்களில் மடக்கிவிட்டு, விக்கெட் இழப்பின்றித் துரத்திக்கொண்டிருந்த பாகிஸ்தானுக்குக் கிடைத்ததும் ஒரேயொரு புள்ளிதான். அந்த அணி கடைசிவரை ஒரு வெற்றியும் இல்லாமல் வீடு திரும்பியது.

மாதம் ஒக்டோபர். இலங்கையின் வடக்கே வன்னியில், மழையை நம்பிச் செய்யும் காலபோக நெல்லுக்கு உழுது விதைத்துவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்க்கிற மாதம். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து, வடகீழ்ப் பருவக்காற்று இன்னும் தொடங்காத இடைக்காலம் அது. நிலையான காற்று எதுவும் வீசாது. காலை வெயிலில் நிலம் சூடேறும். கடற்காற்று ஈரத்தை உள்ளே கொண்டுவரும். சூடான ஈரக்காற்று மேலே எழும்பிக் குளிர்ந்து, மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மழையுமாகக் கொட்டும். கொழும்பில் ஆண்டின் மிக ஈரமான மாதங்களில் இதுவும் ஒன்று. ஆட்டங்கள் தொடங்கியதோ பிற்பகல் 3 மணிக்கு. மழை வருவதற்கு மிகவும் வாய்ப்பான நேரத்தைத் தேடிப் பிடித்தது போல அமைந்துவிட்டது.

இதெல்லாம் வானிலையாளர்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் அல்ல. பிறகு ஏன் அந்த மாதத்தில், அந்த ஊரில் வைத்தார்கள்? போட்டியை நடத்திய நாடு இந்தியா. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் மண்ணில் மற்றவர் ஆடுவதில்லை என்பதால், பாகிஸ்தானின் ஆட்டங்களுக்குப் பொதுவான ஓர் இடம் தேவைப்பட்டது. தேதி முதலில் முடிவானது. அரசியல் இடத்தைத் தீர்மானித்தது. மழையைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வந்தது. சர்வதேச கிரிக்கெட் அட்டவணையின் நோய் முழுவதும் இந்த வரிசைக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அட்டவணை எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். சர்வதேச கிரிக்கெட் சபையான ஐ.சி.சி.யின் முழு உறுப்புரிமை பெற்ற நாடுகள் 12. 2023 முதல் 2027 வரையான அட்டவணையில் அவற்றுக்கு 777 ஆட்டங்கள்: டெஸ்ட் 173, ஒருநாள் 281, இருபதுக்கு 20 ஆட்டங்கள் 323. முந்தைய சுற்றில் மொத்தம் 694தான். ஆட்டங்கள் கூடின, ஆண்டின் நாட்கள் கூடவில்லை. 12 நாடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 66 சோடிகள் வரும். ஒவ்வொரு சோடிக்கும் இரண்டு பக்கமும் ஒரு பயணம் என்றால் 132 தொடர்கள். இதற்கு மேல் ஓய்வு நாட்கள், விமானப் பயணம், உலகக் கிண்ணங்கள். இப்படியான சிக்கலில் சாத்தியமான எல்லா ஒழுங்குகளையும் கணினியால்கூட ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க இயலாது. ஓரளவு நல்ல விடையைத் தேடிப் பிடிப்பதே வழி. ஆனால் கிரிக்கெட்டில் அந்தத் தேடலும் ஒரே மேசையில் நடப்பதில்லை. தொடர்களை இரு நாட்டுச் சபைகள் தங்களுக்குள் பேசி முடிக்கின்றன. ஐ.சி.சி. அவற்றை ஒரே தாளில் பொருத்துகிறது.

இயற்கை போடும் முடிச்சு இன்னும் இறுக்கமானது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகியவற்றின் கோடைகாலம் நவம்பர் முதல் பெப்ரவரி வரை. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகியவற்றின் மழையற்ற காலமும் ஏறக்குறைய அதேதான். ஆறு வீடுகளிலும் ஒரே நேரத்தில் விருந்து வைத்தால் விருந்தாளியாகப் போவது யார்? மறுபுறம், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை இங்கிலாந்து, அயர்லாந்து, மேற்கிந்தியத் தீவுகள், சிம்பாப்வே தவிர ஆடுவதற்கு ஏற்ற இடங்கள் குறைவு. அரை ஆண்டு நெரிசல், அரை ஆண்டு வெற்றிடம்.

இந்த நெரிசலில் இடம்பிடிப்பது பணம். ஒரு தொடரின் தொலைக்காட்சி உரிமை அதை நடத்தும் நாட்டுக்குத்தான் சேரும். ஆகவே இந்தியாவை அழைக்க முடிந்த சபைக்கு அந்த ஆண்டு வாழ்வு. முதலில் உலகக் கிண்ணங்கள் தேதியைப் பிடிக்கும். அடுத்து 10 அணிகள் 74 ஆட்டங்கள் ஆடும் ஐ.பி.எல். மார்ச் கடைசியிலிருந்து இரண்டு மாதங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பிறகு இந்தியா, அவுஸ்திரேலியா, இங்கிலாந்து தங்களுக்குள் ஆடும் 5 டெஸ்ட் தொடர்கள். மிச்ச நாட்கள்தான் மற்றவர்களுக்கு. 2025–27 உலக டெஸ்ட் சம்பியன்ஷிப் சுற்றில் அவுஸ்திரேலியாவுக்கு 22 டெஸ்ட், இலங்கைக்கு 12. அந்தப் பன்னிரண்டும் இரண்டிரண்டு டெஸ்ட் கொண்ட தொடர்கள். எண்ணிக்கை இப்படிச் சமமில்லாமல் இருப்பதால்தான் அந்தப் பட்டியலைப் புள்ளிகளால் அல்லாமல் சதவீதத்தால் வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. 2025 முழுவதும் இலங்கை ஆடியது 4 டெஸ்ட்கள் மட்டுமே. ஓர் இளம் பந்துவீச்சாளர் ஆண்டுக்கு 4 டெஸ்ட்களில் எதைக் கற்றுக்கொள்வார்?

வன்னியின் இரணைமடுக் குளத்தடியில், வறண்ட காலத்தில் குளத்து நீரால் செய்யும் சிறுபோகத்துக்கு முன்பு விவசாயிகளின் கூட்டம் கூடும்போது, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று முடிவெடுப்பார்கள். கிரிக்கெட்டில் ஏக்கரை முதலில் பங்குபோட்டுவிட்டுத் தண்ணீரைப் பிறகு தேடுகிறார்கள்.

மழையில் நின்ற ஆட்டத்தைத் தொடர மேலதிக நாள் வைத்தால் பாதிப் பிரச்சினை தீருமே என்று தோன்றும். 2023 ஆசியக் கிண்ணத்தில் அதுவும் நடந்தது. செப்டம்பர் 2ஆம் திகதி பல்லேகலையில் இந்தியா – பாகிஸ்தான் ஆட்டம் மழையில் போனது. அடுத்து, எஞ்சிய நான்கு அணிகள் ஆடும் சூப்பர் 4 சுற்று, பெரும்பாலும் கொழும்பில். இறுதியாட்டத்தைத் தவிர மேலதிக நாள் கிடைத்தது ஒரேயொரு ஆட்டத்துக்கு, மீண்டும் இந்தியா – பாகிஸ்தான் ஆட்டத்துக்கு. செப்டம்பர் 10இல் தொடங்கிய அது 11இல் முடிந்தது. இலங்கையும் பங்களாதேஷும் அதே வானத்தின் கீழ், அதே சுற்றில், அந்த வசதி இல்லாமல் ஆடின. இது நியாயமில்லை.

இலங்கைக்கு இதில் ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது, அது பாதிதான் பயன்படுகிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கொண்டுவரும் ஈரம் மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் எழும்பிக் குளிர்ந்து கொட்டிவிடும். மலையைத் தாண்டி இறங்கும் காற்று வெப்பமாகி உலர்ந்துபோகும். மன்னார்ப் பக்கம் அதே காற்று நேரே கடலிலிருந்து வந்தாலும், அதை மேலே தூக்குவதற்கு அங்கே மலையில்லை. அதனால் கொழும்பும் காலியும் நனையும் மாதங்களில் வன்னியில் சோளகம் என்கிற இதே தென்மேற்குக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்கும், குளங்கள் வற்றும். மற்ற ஆசிய நாடுகள் மழைக்கு ஒதுங்கி நிற்கும் ஜூன், ஜூலை, ஓகஸ்டில் இந்தத் தீவின் பாதி காய்ந்து கிடக்கிறது. அந்தக் காய்ந்த பாதியிலுள்ள தம்புள்ளை மைதானத்தைக் கட்டியதே மழைக்காலத்திலும் ஒருநாள் ஆட்டங்களை நடத்தும் எண்ணத்தில்தான். அங்கே முதல் ஒருநாள் ஆட்டம் 2001இல் நடந்தது. 2025 செப்டம்பரில் யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்குக் கொழும்பைவிட அது எவ்வளவு கிட்ட!

காய்ந்த நிலம் மட்டும் போதாதுதான். வெயில் கடுமை, காற்றும் பலம், எனவே பகலிரவு ஆட்டங்களுக்கு விளக்குகள் வேண்டும், விடுதிகள் வேண்டும். மைதானம் எழும்பினாலும் வடகீழ் மழை கொட்டும் நவம்பர், டிசம்பரில் அங்கே ஆட்டம் வைத்தால் கொழும்பின் கதைதான். இப்போதைய அட்டவணை 2027 ஏப்ரலில் முடிகிறது. அடுத்ததற்கு நாட்களைக் கேட்கும்போது ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தம்புள்ளை, தென்கிழக்கின் உலர்ந்த அம்பாந்தோட்டை, மைதானம் தயாரானால் மண்டைதீவு என்று இடங்களையும் சேர்த்தே இலங்கைச் சபை கேட்க வேண்டும்.