ஃபியூஸ் வாங்கும்போது ஆம்பியரை மட்டும் பார்க்காதீர்கள்

சிறு நிறுவனங்கள் தயாரிக்கும் மின்கருவிகளைப் பாதுகாப்புச் சான்றிதழ் பரிசோதனைக்குத் தயார்செய்து கொடுப்பது என் வேலை. வருகிற பாகப் பட்டியல்களில் பெரும்பாலும் ‘ஃபியூஸ், கண்ணாடி, 2 ஆம்பியர்’ என்றுதான் இருக்கும். கடைக்காரருக்கு அது போதும். டெஸ்ட் லேபுக்குப் போதாது.

அந்த 2 ஆம்பியரே எல்லா ஃபியூஸிலும் ஒன்றல்ல. சர்வதேசத் தரமான ஐஇசி 60127-இன்படி செய்த வழக்கமான 5×20 மி.மீ. ஃபியூஸ், 3 ஆம்பியரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். அமெரிக்காவின் யுஎல் 248-14 தரப்படி செய்ததோ 2.7 ஆம்பியரிலேயே ஒரு மணி நேரத்துக்குள் அறுந்துவிட வேண்டும். அதனால்தான் யுஎல் ஃபியூஸில் தொடர்ச்சியான சுமையை 75 சதவீதத்துக்குள், அதாவது 1.5 ஆம்பியருக்குள் வைக்கிறோம். 1.8 ஆம்பியர் இழுக்கும் கருவியில் இதைப் போட்டால் காரணமே இல்லாமல் அடிக்கடி போகும். சர்வீசுக்கு வருபவர் சலித்துப்போய் 5 ஆம்பியர் போட்டுவிட்டுப் போவார். (செம்புக் கம்பியைச் சுற்றுகிறவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை.)

அடுத்து ஃபியூஸின் மேல் அச்சிட்டிருக்கும் எஃப், டி எழுத்துகள். எஃப் சீக்கிரம் அறும், டி கொஞ்சம் பொறுக்கும். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) உள்ள கருவியை ஆன் செய்ததும் கெப்பாசிட்டர் நிரம்பும்வரை சில மில்லிவினாடிகள் மின்னோட்டம் எகிறும். அங்கே டி வேண்டும். இந்த எகிறலை, கருவி நன்றாகச் சூடானபின் அணைத்து உடனே போட்டு அளந்து பாருங்கள். எகிறலைத் தடுக்க வைக்கும் தெர்மிஸ்டர் (சூடானால் மின்தடை குறையும் பாகம்) சூடாக இருக்கும்போது அது தடுப்பது குறைவு.

நான் அதிகம் சண்டை போடுவது கடைசி எழுத்துக்காக. எல் என்றால் உடைதிறன், அதாவது ஃபியூஸ் பத்திரமாக அறுத்து நிறுத்தக்கூடிய அதிகபட்ச மின்னோட்டம், குறைவு: 35 ஆம்பியர் அல்லது ஃபியூஸின் ஆம்பியர் மதிப்பைப்போல் பத்து மடங்கு, இரண்டில் எது பெரிதோ அது. ஹெச் என்றால் 1500 ஆம்பியர். 230 வோல்ட் பிளக்கில் நேரடி ஷார்ட் ஆனால் சில நூறு ஆம்பியர் பாய்வது சாதாரணம். அப்போது 2 ஆம்பியர் எல் வகைக் கண்ணாடிக் குழாய், மின்னோட்டத்தை அறுப்பதற்குப் பதில் வெடித்துச் சிதறலாம், உள்ளே ஆர்க் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி) தொடரலாம். மெயின்ஸ் நுழைகிற இடத்தில் மணல் நிரப்பிய செராமிக் ஹெச் வகையைத்தான் நான் போடச் சொல்வேன். விலை வித்தியாசம் சில ரூபாய்தான். டிசி சர்க்யூட் என்றால் கதையே வேறு: டிசி மின்னோட்டம் ஏசிபோலத் தானாகப் பூஜ்யத்துக்கு வராது, ஆர்க் எளிதில் அணையாது. ஏசி 250 வோல்ட் என்று எழுதியிருப்பதை நம்பி அங்கே போடக்கூடாது.

பட்டியலிலும் ஃபியூஸ் ஹோல்டர் பக்கத்திலும் ‘டி2ஏஹெச் 250வி’ என்று முழுதாக இருக்கட்டும். லேப், உள்ளே ஒரு பாகத்தை வேண்டுமென்றே ஷார்ட் செய்து பார்ப்பது இந்த ஃபியூஸை வைத்துத்தான். அறிக்கையில் அதன் தயாரிப்பாளர், மாடல் எண், சான்று முத்திரை எல்லாம் ஏறிவிடும். பிறகு பர்ச்சேஸ் பிரிவு மலிவாகக் கிடைத்தது என்று வேறு கம்பெனி ஃபியூஸை வாங்கினால், சான்றிதழில் இருக்கும் கருவி ஒன்று, சந்தைக்குப் போவது வேறொன்று. மாற்றியே ஆக வேண்டுமானால் வாங்கும் முன்பே சான்றிதழ் கொடுத்தவர்களிடம் கேளுங்கள். சில சமயம் காகித வேலையோடு முடியும், சில சமயம் ஷார்ட் சோதனைகளைத் திரும்பச் செய்யச் சொல்வார்கள்.