கொத்தனார் கையைப் புண்ணாக்கும் காரம்

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரமாய் நடந்தால் ஏதாவது ஒரு வீட்டுச் சன்ஷேடு பொரிந்து, துருவேறிய கம்பி பல்லிளிக்கும். உப்புக்காற்றின் குளோரைடு உள்ளே ஊறிக் கம்பியைத் தொட்டுவிடுகிறது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், கான்கிரீட் வெடிக்கிறது. கூடங்குளம் பேச்சு வரும்போதெல்லாம் இங்கே ஒருவர் கேட்பார்: இதை நம்பியா அணுக்கழிவைப் புதைப்பார்கள்? நியாயமான கேள்விதான்.

பதில் கொத்தனாரின் கையில் இருக்கிறது. நாள் முழுக்கச் சிமெண்டுக் கலவையில் அளைந்த கை வெந்து புண்ணாகும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடினால் நாக்கு பொத்துப்போகுமே, அதே காரம். இறுகிய கான்கிரீட்டின் நுண்துளைகளில் தேங்கிய நீரிலும் அந்தக் காரம் உண்டு; காரத்தை அளக்கும் பி.எச். எண் 12.5-க்கு மேல். அந்த நீரில் அணுக்கழிவின் புளூட்டோனியம், அமெரீசியம் போன்ற கதிர்வீச்சுத் தனிமங்கள் மிகமிகக் குறைவாகவே கரையும். கரைந்தால்தானே நிலத்தடி நீரோடு ஊர் சுற்ற முடியும்? கரைந்த கொஞ்சநஞ்சமும் சிமெண்டின் கால்சியம் சிலிக்கேட்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால் விரிசல் விழுந்த கான்கிரீட்டும் காவலை முழுதாய் விட்டுவிடாது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் தாதுவுக்குள் இருக்கும் தோரியத்தை அலை எத்தனை காலம் கழுவியும் கரைக்க முடியவில்லை. கரையாமையே அங்கும் பூட்டு.

காரம் தீர்ந்துபோகாதா? போகும். நீர் முதலில் சோடியம், பொட்டாசியத்தை அரித்தெடுக்கும். பிறகு சுண்ணாம்பு தீரும்வரை பி.எச். 12.5 அளவில் நிற்கும். சிலிக்கேட் சிதைவது கடைசியில். ஆழத்துப் பாறையில் நீர் ஊர்ந்துதான் நகரும் என்பதால் இதெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்கு. ஜோர்டானின் மக்காரினில், பூமிக்குள் தானாகவே வெந்து உருவான சிமெண்டுத் தாதுக்களின் வழியே இன்றும் அதே காரத்தோடு ஊற்று கசிகிறது.

கழிவில் இருக்கும் சீசியம் என்ற தனிமம் மட்டும் சிமெண்டுக்கு அவ்வளவாய்ப் பிடிகொடுக்காது. அதற்குக் களிமண் வேண்டும். சுவீடனின் ஃபோர்ஸ்மார்க்கில், பால்டிக் கடலடியில் சுமார் 60 மீட்டர் ஆழத்தில், 1988 முதல் இயங்கும் அணுக்கழிவுக் கிடங்கின் கான்கிரீட் குதிரைச் சுற்றிப் பென்டோனைட் களிமண் அடைத்திருக்கிறார்கள். ஆனால் கான்கிரீட்டின் காரம் அந்தக் களிமண்ணையே மெல்லக் கெடுக்கும். பின்லாந்தின் ஓன்காலோ அணுக்கழிவுச் சுரங்கத்துக்குக் காரம் குறைத்த சிமெண்ட் தேடியது அதனால்தான்.

ஆழத்திலும் கம்பி சும்மா இருக்காது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு மெல்ல அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றுப் புகாமல் அடைத்தால் அந்த அழுத்தமே சுவரைப் பிளக்கும். அதனால் ஃபோர்ஸ்மார்க் குதிரை மூடும்போது அதன் மூடியில் வாயு வெளியேற வழி வைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள்.