ஒரே முகம், இரண்டு மூலக்கூறுகள்

தாமிரப் பரப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அசிட்டிலீன் மூலக்கூறுகள். ஒன்றில் இருப்பது சாதாரண ஹைட்ரஜன், மற்றதில் அதைப்போல் இரு மடங்கு எடையுள்ள ஹைட்ரஜன் வகையான டியூட்டீரியம். நுண்ணோக்கிப் படத்தில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். எது எது என்று எப்படிச் சொல்வது?

1981-இல் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் சூரிக் ஐபிஎம் ஆய்வகத்தில் உருவாக்கிய ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கியில் லென்ஸ் கிடையாது. கூரிய உலோக ஊசி ஒன்று பரப்பைத் தொடாமல் சில ஆங்ஸ்ட்ராம் உயரத்தில் நகரும் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). நடுவில் வெற்றிடம்தான், ஆனாலும் குவாண்டம் விதிப்படி எலக்ட்ரான்கள் அதைக் கடந்துவிடும். இடைவெளி ஒரே ஒரு ஆங்ஸ்ட்ராம் கூடினால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகச் சரியும். மின்னோட்டம் மாறாதபடி ஊசியை ஏற்றி இறக்கினால், அந்த மேடுபள்ளமே படம்.

படம் என்றாலும் புகைப்படம் அல்ல. தாமிரத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் கார்பன் மோனாக்சைடு, வெறும் உலோக ஊசிக்குப் பள்ளமாகத் தெரியும்! ஊசி பார்ப்பது உருவத்தை அல்ல, எலக்ட்ரான்கள் கடக்க எங்கே வழி இருக்கிறது என்பதை.

சரி, குளிர் எதற்கு? அறை வெப்பநிலையில் சின்ன மூலக்கூறுகள் பல பரப்பில் ஒரு நிலையாக நிற்காது. திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 269 டிகிரிக்கு அருகே கொண்டுபோனால் அடங்கிவிடும். (ஹீலியத்தைச் சுற்றி வெளித்தொட்டியில் இருக்கும் திரவ நைட்ரஜன் கொதித்துக் குமிழி விட்டால், அந்த அதிர்வுகூடப் படத்தில் வந்துவிடும். அதனால் நைட்ரஜனையே உறையவைத்துவிட்டு வேலை பார்ப்பவர்கள் உண்டு.)

ஆனால் குளிரின் பெரிய பலன் வேறு. 1998-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்சன் ஹோவின் குழு, 8 கெல்வினில், ஊசியை ஓர் அசிட்டிலீன் மேல் நிறுத்தி மின்னழுத்தத்தை மெல்லக் கூட்டியது. 358 மில்லிவோல்ட் வந்ததும், கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை அதிரவைக்கும் அளவுக்கு எலக்ட்ரானிடம் ஆற்றல் சேர்ந்துவிடுகிறது. கடப்பதற்குப் புதிதாக ஒரு வழி திறக்கிறது. மின்கடத்தல் துளி கூடுகிறது. டியூட்டீரியம் கனமானது, மெதுவாக அதிரும்; அதற்கு 266 மில்லிவோல்ட்டே போதும்.

அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்களின் ஆற்றலே பரந்து கிடப்பதால் இந்தச் சின்ன ஏற்றம் 100 மில்லிவோல்ட்டுக்கும் மேலாக விரிந்து கரைந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே 92 மில்லிவோல்ட்தானே! 8 கெல்வினில் அந்த விரிவு சில மில்லிவோல்ட்டுக்குள் அடங்குகிறது.

அப்புறம் அந்தக் குழு மின்னழுத்தத்தை 358-இல் வைத்து, கடத்தலில் வரும் அந்த ஏற்றத்தை மட்டும் புள்ளி புள்ளியாகப் படம் பிடித்தது. ஹைட்ரஜன் உள்ளது மட்டும் தெரிந்தது. 266-இல் அது மறைந்து மற்றது தெரிந்தது. இடையில் 311-இல் வைத்தபோது, இரண்டுமே இல்லை.