ரிஸ்க் ஃபேக்டர்: இடர்க்காரணி

பிரஷர், சுகர், கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம், தொப்பை எல்லாவற்றையும் இதய மருத்துவர்கள் ஒரே பெயரில் ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்பார்கள். இதய நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற எதுவும் ரிஸ்க் ஃபேக்டர்தான். அது இருப்பவருக்கு மாரடைப்பு வந்தே தீரும் என்றில்லை. இல்லாதவருக்கு வரவே வராது என்றும் இல்லை.

‘ரிஸ்க்’ இத்தாலியிலிருந்து பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஃபேக்டர்’ லத்தீன் சொல். செய்பவர் என்று பொருள். இரண்டும் இதய நோயோடு ஒட்டிக்கொண்ட கதைதான் முக்கியம்.

1945இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். அன்று அவருடைய ரத்த அழுத்தம் 300/190. பல வருடங்களாகவே அது ஏறிக்கொண்டிருந்தது. வயதானால் அழுத்தம் ஏறுவது இயல்பு என்றே அன்றைய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். 1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்காம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்து இதய நோய் பற்றி ஓர் ஆய்வு தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர்களைக் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். நோய் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் அளந்து எழுதி வைத்தார்கள். பிறகு யாருக்கு வந்தது என்று பார்த்தார்கள். 1961இல் இந்த ஆய்வில் இருந்த மருத்துவர் வில்லியம் கேனலும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் ‘ஃபேக்டர்ஸ் ஆஃப் ரிஸ்க்’ என்று இருந்தது. அதற்கப்புறம்தான் மருத்துவ உலகம் முழுக்க இந்தச் சொல் பரவியது.

தமிழில் பத்திரிகைகள் ‘ஆபத்துக் காரணி’ என்று எழுதுகின்றன. தவறில்லை. ஆனாலும் ‘இடர்க்காரணி’தான் பொருத்தம் என்பேன். ஆபத்து என்றதும் வந்துவிட்டது என்ற பதற்றம் தொற்றிக்கொள்கிறது. இடர் என்பதை, பேரிடர் மேலாண்மை வந்தபிறகு, முன்கூட்டியே கணித்துத் தயாராக வேண்டிய ஒன்றாகவும் பழகிவிட்டோம். பழைய சொல்லும்கூட: ‘இடரினும் தளரினும் எனதுறு நோய் தொடரினும்’ என்று சம்பந்தர் பாடும்போது இடர் வேறு, நோய் வேறு. பேச்சில் ‘கண்டம்’ என்போமே, அது இதற்கு ஒத்துவராது. கண்டம் ஜாதகத்தோடு போவது. இடர்க்காரணியை அளக்கலாம், குறைக்கலாம்.

‘காரணி’யைக் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக் கணக்கில் 3ம் 4ம் 12இன் காரணிகள் என்று படித்தோமே, அந்த நினைவு இங்கே உதவும். அங்கே காரணிகளைப் பெருக்குவதுபோலத்தான், பிரஷர் இருப்பவர் சிகரெட்டும் பிடித்தால் ஆபத்து பல மடங்கு பெருகும்.

வயதும் குடும்ப வரலாறும் மாற்ற முடியாத இடர்க்காரணிகள். மற்றவற்றில் நம் கை இருக்கிறது. சிகரெட்டை விட்ட ஒரு வருடத்தில், இதய நோய்க்கான கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிவிடும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளத்தில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். வாரத்துக்கு 150 நிமிட வேகநடை போதும்.

பிரஷரோ கொழுப்போ ஏறினால் வலிக்காது. அதனால்தான் உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே பரிசோதனை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். பிரஷர் பார்க்கும் முன் அரைமணி நேரத்துக்குக் காபி, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் இருங்கள். படியேறி வந்த மூச்சோடு பார்த்தால் எண் கூடத்தான் காட்டும். 140/90ஐ ஒருமுறை தாண்டினால் பயந்துவிட வேண்டாம், சும்மா விட்டுவிடவும் வேண்டாம். இன்னொரு நாளும் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலும் மருத்துவர் அதை உயர் ரத்த அழுத்தம் என்று முடிவு செய்வார்.