சீழை மட்டும் அனுப்பாதீங்க

கோபிப் பக்கத்து அம்மா ஒருவர், 58 வயது, மஞ்சப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு ஈரோட்டில், வெட்டி எடுத்த சதையைச் சோதிக்கிற எங்கள் பேத்தாலஜி லேபுக்கு வந்தார். கெடாமல் வைக்கிற ஃபார்மலின் திரவத்தில் நெல்லிக்காய் அளவு சதை. கூட வந்த சீட்டில் "மார்பில் சீழ்க்கட்டி", அவ்வளவுதான். மூன்றாவது தடவை என்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது. "ரெண்டு வாட்டி கீறியாச்சு கண்ணு, மாத்திரையும் தின்னாச்சு, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பத்துப் போட்டாச்சு, மறுக்கா மறுக்கா ஊறுது."

அந்த இரண்டு வாட்டியும் சீழ் மட்டும் கல்ச்சருக்குப் போயிருக்கிறது, கிருமி ஒன்றும் வளரவில்லை. கட்டியின் சுவரில் ஒரு துண்டு வெட்டி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. பால் கொடுக்காத வயதில் சீழ்க்கட்டி வந்து, அது ஆறாமல் திரும்பி வந்தால் எனக்கு முதலில் வருவது புற்றோ என்ற சந்தேகம்தான்.

அந்தச் சதையை மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த ஸ்லைடில், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினது போலச் சுற்றுச் சுற்றாக இளஞ்சிவப்புக் கெரட்டின். மேல்தோலிலும் நகத்திலும் இருக்கிற அதே சரக்கு. பால் சுரக்கிற இடத்தில் இதுக்கென்ன வேலை என்றால், பால் சுரப்பியே வியர்வைச் சுரப்பிக்குப் பங்காளி, கருவில் இரண்டுமே மேல்தோல் உள்ளிறங்கித்தான் உண்டாகின்றன. அதனால் தோலில் வருகிற கட்டிகள் அபூர்வமாக மார்புக்குள்ளும் முளைக்கும், வியர்வைச் சுரப்பிக் கட்டிகளில் பலது புற்றில்லாத சாதுவும்கூட. இது சாது இல்லை, ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது மேல்தோல் மாதிரியான தட்டைச் செல்களின் புற்று. மார்பகப் புற்றில் 1 சதவீதத்துக்கும் வெகு கீழே; நடுவில் அழுகி நீர் கோத்துக்கொள்வதால் ஸ்கேனிலும் சீழ்க்கட்டியாகவே ஏமாற்றும்.

ஆனால் ஸ்லைடை மட்டும் வைத்து 'மார்பில் பிறந்தது' என்று எழுதிவிட முடியாது. பி63, சைட்டோகெரட்டின் 5/6 என்ற புரதங்களைக் காட்டுகிற சாயங்கள் செல் என்ன ஜாதி என்று சொல்லும், சொந்த ஊர் எது என்று சொல்லாது. மேல்தோலிலிருந்து இறங்கியதா, நுரையீரல், தொண்டை, கர்ப்பப்பை வாயிலிருந்து வந்ததா, இல்லை வழக்கமான மார்பகப் புற்று ஓர் ஓரத்தில் ஒளிந்திருக்கிறதா, எல்லாம் பார்க்கணும். (மார்புக் காம்பில் வருகிற பேஜட் நோய் இதற்கு நேர் எதிர், அது தோல் வியாதியாக ஏமாற்றும். 1874இல் ஜேம்ஸ் பேஜட் எழுதியது. ஒரு பக்கக் காம்பில் மட்டும் படை மாதிரித் தெரியும், பெரும்பாலும் புற்று உள்ளே பால்குழாயில் இருக்கும். மாதக்கணக்கில் களிம்பு தடவிவிட்டு வருகிறார்கள்.)

சர்ஜனுக்கு போன் போட்டு மேல்தோல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "சரியாக் கவனிக்கலீங்க மேடம்." சரி என்று பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு நானே பார்த்தேன். கீறின தழும்பைத் தவிர தோல் சுத்தம். அப்புறம் எடுத்த சிடி ஸ்கேனிலும் கர்ப்பப்பைப் பரிசோதனையிலும் வேறெங்கும் கட்டி இல்லை. ஆபரேஷனில் வந்த கட்டி முழுவதையும் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்ததில், எல்லாமே ஸ்குவாமஸ். ஹார்மோன் ஏற்பிகளான ஈஆர், பிஆர், கூடவே ஹெர்2 என்ற புரதம், மூன்றும் நெகட்டிவ், இந்த வகையில் பெரும்பாலும் அப்படித்தான் வரும், அதனால் ஹார்மோன் மாத்திரைக்கு வேலை இல்லை. இப்போது கீமோ ஓடுகிறது.

அந்த சர்ஜன் இப்போதெல்லாம் சுவர்த் துண்டோடு அரைப்பக்கம் விவரமும் எழுதி அனுப்புகிறார். கையெழுத்துதான் புரிய மாட்டேன் என்கிறது.